வரம் அன்று, பயிற்சி!

எழுதக் கற்றுத்தர ஒரு பட்டப் படிப்பா? கேட்டவுடன் சிலர் சிரிக்கின்றனர். "கருவிலே திரு வேண்டும், நாவிலே நாமகள் நடமிட வேண்டும், கல்லூரி என்ன செய்யும்?" என்கின்றனர். எதிர் வரிசையிலே வேறு சிலர் உளர். "கட்டணத்தைக் கட்டு, சான்றிதழைப் பெறு, நாளை முதல் நீ எழுத்தாளன்!" என்பது அவர்தம் கூற்று. முன்னவர் நம் இளைஞனுக்குக் கோயிலைக் காட்டுகின்றனர். பின்னவர் கடையைக் காட்டுகின்றனர். இரு சாராரும் சேர்ந்து ஓர் உண்மையை மறைக்கின்றனர். எழுத்து உழைப்பு என்பதே அவ்வுண்மை.

இஃது ஏட்டளவில் நிற்கும் வழக்கன்று. தருமபுரி மாவட்டத்திலே ஆசிரியப் பணியாற்றும் நம்மிடம், மேல்நிலை வகுப்பு மாணவரும் மாணவியரும் கேட்கும் கேள்வி இது: "ஐயா, கதை எழுதக் கற்றுத்தரும் படிப்பு எங்கே இருக்கிறது? அதற்கு எப்படி ஆயத்தமாக வேண்டும்?" 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலே தமிழகத்தில் எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டமாக நின்றது நம் தருமபுரி. மாநிலம் 80 விழுக்காட்டை எட்டியபோது நாம் 68.5 விழுக்காட்டில் இருந்தோம். தாயும் தந்தையும் கைநாட்டு வைத்த வீட்டிலிருந்து வந்த பிள்ளை, "நான் எழுதப் படிக்க வேண்டும்" என்று சொல்லவில்லை. "நான் எழுத்தாளனாக வேண்டும்" என்று சொல்கிறான். அவனுக்கு நாம் தரும் விடை பொறுப்புடையதாக இருத்தல் வேண்டும்.

வரம் பெற்றவர் கதைகள்

வரக் கொள்கையினர் காட்டும் சான்றுகளை முதலில் நோக்குவோம். காளமேகம் திருவானைக்காவில் தேவி தந்த தாம்பூலத்தால் கவியானார் என்பர். குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசாதிருந்து, திருச்செந்தூரில் வாய் திறந்தவுடனே பாடினார் என்பர். வடநாட்டுக் காளிதாசனுக்கோ நாவிலே காளி எழுதினாள் என்பர். மூன்று கதைகளுக்கும் அமைப்பு ஒன்றே. முன்னே அறியாமை, நடுவிலே அருள், பின்னே காவியம். இடையில் கழிந்திருக்க வேண்டிய ஆண்டுகள் எங்கே? மனனம் செய்த நூல்கள் எங்கே? கிழித்தெறிந்த ஓலைகள் எங்கே? கதை கட்டியவர் அவற்றையெல்லாம் அடியோடு துடைத்துவிட்டார்.

காளமேகத்தின் சிலேடையைப் பாருங்கள். ஒரே தொடரில் இரு பொருள் நிறுத்துகின்ற வித்தை, சொல்லைப் பிரித்தும் சேர்த்தும் பல்லாண்டு பழகியவனுக்கன்றிக் கைவராது. அந்தப் பழக்கத்தை ஒரு வெற்றிலைச் சுருளுக்குக் கொடையாகக் கொடுத்துவிட்டோம்! புகழ்வதாக எண்ணிக்கொண்டு புலவனுடைய உழைப்பைப் பறித்துக்கொண்டோம்.

மற்றக் கலைகட்கு நாம் இவ்வாறு செய்வதில்லை. நாகசுரக்காரர் பிள்ளைப் பருவம் தொட்டுப் பயின்றார் என்றே சொல்கிறோம். ஓவியம் பயிற்றச் சென்னையில் 1850-ஆம் ஆண்டிலேயே பள்ளி தோன்றிற்று. கல்லில் சிலை வடிக்கக் கற்பிக்க மாமல்லபுரத்தில் 1957-இல் நிலையம் தொடங்கிற்று. உளி பிடிப்பவனுக்குப் பயிற்சி உண்டு. தூரிகை பிடிப்பவனுக்குப் பயிற்சி உண்டு. எழுதுகோல் பிடிப்பவனுக்கு மட்டும் வரமா? இந்த வேறுபாட்டில் ஒரு சூழ்ச்சி உண்டு. வரம் என்று சொல்லிவிட்டால் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று கேட்க வேண்டியதில்லை. வராதவன் தன் பிறப்பை நொந்துகொண்டு வாளாவிருப்பான்.

பாட்டியல் போட்ட பூட்டு

"தமிழிலே எழுதக் கற்பிக்கும் நூலே இருந்ததில்லை, இஃது அயலார் சரக்கு" என்பாரும் உளர். அது தவறு. நம் இடைக்காலத்தே பாட்டியல் நூல்கள் பல எழுந்தன. பன்னிரு பாட்டியல், வெண்பாப் பாட்டியல், நவநீதப் பாட்டியல் என்பன அவற்றுட் சில. எந்தச் சிற்றிலக்கியத்தை எவ்வாறு பாடுவது என்று விதி வகுத்த நூல்கள் அவை. இன்றைய பல்கலைக் கழக மொழியில் சொன்னால், அவை பாடத்திட்டங்கள்.

அப்பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள். எழுத்துகளுக்கே வருணம் வகுத்திருக்கிறார்கள்! இன்ன எழுத்து அந்தணர்க்கு, இன்ன எழுத்து அரசர்க்கு, இன்ன எழுத்து வணிகர்க்கு, இன்ன எழுத்து வேளாளர்க்கு என்று நெடுங்கணக்கைக் கூறு போட்டிருக்கிறார்கள். பாவுக்கும் அவ்வாறே. வெண்பா அந்தணர்க்காம், ஆசிரியப்பா அரசர்க்காம், கலிப்பா வணிகர்க்காம், வஞ்சிப்பா வேளாளர்க்காம். கலம்பகம் பாடினால் தேவர்க்கு 100 பாட்டு, அந்தணர்க்கு 95, அரசர்க்கு 90, அமைச்சர்க்கு 70, வணிகர்க்கு 50, வேளாளர்க்கு 30. அதற்கும் கீழே நிறுத்தப்பட்ட மக்களுக்கு எத்தனை என்று கேட்கிறீர்களா? அவர்களைப் பாட வேண்டும் என்ற எண்ணமே அப்பட்டியலில் இல்லை.

அகர முதலாகிய எழுத்துக்குக் குலம் ஏது? அதை ஒலிக்கும் வாய்க்குக் குலம் கற்பித்தவர்கள், ஒலிக்கே கற்பித்துவிட்டார்கள். படைப்பெழுத்துக் கல்வியைப் பற்றிப் பேசப் புகும் தமிழர் இந்தப் பழைய பாடத்திட்டத்தை மறந்துவிட்டுப் பேசுவது கூடாது. கற்பிக்கும் நிறுவனம் இருந்தால் மட்டும் போதாது. அது எதைக் கற்பிக்கிறது, யாருக்குக் கற்பிக்கிறது என்பதே முதற் கேள்வி.

பாட்டியலுக்கு முந்திய தமிழோ வேறு காட்சி தருகிறது. சங்கப் பாடல்களைத் தந்தவர் பெயர்களைப் படித்துப் பாருங்கள். கூலவாணிகன் சாத்தனார் தவசம் விற்றவர். அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். கொல்லன் அழிசி இரும்படித்தவர். வெண்ணிக் குயத்தியார் மட்கலம் வனையும் குடியினர். உறையூர் மருத்துவன் தாமோதரனார் நோய் தீர்த்தவர். குறமகள் இளவெயினி மலையகத்துப் பெண். நம் தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் அவையிலே ஔவையார் புலவராகவும் தூதராகவும் நின்றார். தொழில் செய்த கையே பாட்டும் எழுதிற்று. அந்தக் கைகளைப் பின்னர்க் கட்டிப்போட்டது பாட்டியலின் வருண நெறி.

நன்னூலில் கொள்ளுவதும் தள்ளுவதும்

13-ஆம் நூற்றாண்டில் சமண முனிவர் பவணந்தி செய்த நன்னூல் இன்றளவும் தமிழ் மாணவன் கையில் இருக்கிறது. அதன் பொதுப்பாயிரம் ஆசிரியன் இலக்கணம், மாணவன் இலக்கணம், கற்பிக்கும் முறை, கற்கும் முறை ஆகியவற்றை வகுத்துரைக்கிறது. அதிலே, யாருக்கு நூலைக் கற்பிக்கலாம் என்று ஒரு பட்டியல் வருகிறது. தன் மகன், தன் ஆசிரியனின் மகன், அரசன் மகன், பொருள் மிகக் கொடுப்பவன், வழிபாடு செய்பவன், சொன்னதை விரைந்து கொள்ளும் ஆற்றல் உடையவன் என அறுவர். எண்ணிப் பாருங்கள், தோழர்களே! முதல் மூவர்க்கும் தகுதி பிறப்பு. நான்காமவனுக்குத் தகுதி பணம். ஐந்தாமவனுக்குத் தகுதி பணிவு. அறிவால் இடம் பெறுபவன் ஆறாமவன் ஒருவனே. அவனும் வரிசையின் கடைசியில்! இது 13-ஆம் நூற்றாண்டுச் சேர்க்கை விதி என்று தள்ளிவிடலாமா? பொறுங்கள், அந்த நான்காமவனை இக்காலத்திலும் சந்திக்கப் போகிறோம்.

தள்ளுவதைச் சொன்னோம், கொள்ளுவதையும் சொல்லியாக வேண்டும். அதே பாயிரம் அரியதொரு கணக்கைத் தருகிறது. ஆசிரியன் சொன்னதைச் செம்மையாகக் கேட்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது புலமையில் காற்பங்கே. உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு. தான் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு. ஆசான் காலடியே எல்லாம் என்று முழங்கிய காலத்திலே, ஆசானுக்குக் காற்பங்கு மட்டும் கொடுத்த இந்தத் துணிவு வியப்புக்குரியது. நூலுக்குரிய பத்துக் குற்றங்களென அது வகுத்த பட்டியலில் குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் எல்லாம் அடங்கும். இன்று எழுதப்படும் சிறுகதையைத் திருத்துதற்கும் அப்பட்டியல் போதும்.

அயோவாவிலிருந்து நார்விச் வரை

இனிக் கடல் கடந்து காண்போம். அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக் கழகம் 1922-இலேயே உயர் பட்டத்துக்கு ஆய்வேட்டுக்கு ஈடாகப் படைப்பிலக்கியத்தை ஏற்றுக்கொள்ள முடிவு செய்தது. 1936-இல் அங்கே எழுத்தாளர் பயிலரங்கு நிறுவப்பட்டது. இங்கிலாந்தில் நார்விச் நகரின் கிழக்கு ஆங்கிலியப் பல்கலைக் கழகத்தில் மால்கம் பிராட்பரியும் ஆங்கஸ் வில்சனும் 1970-இல் முதுகலைப் படிப்பைத் தொடங்கினர். அதன் முதல் மாணவர் இயன் மக்கீவன். 1980-இல் அங்கே பட்டம் பெற்ற கசுவோ இசிகுரோவுக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அங்கே நடப்பது மாயமன்று. மாணவர் ஒருவர் தம் கதையைப் படியெடுத்து எல்லோர்க்கும் கொடுக்கிறார். மற்றவர் படித்து வருகின்றனர். வகுப்பிலே எழுதியவர் வாய்மூடி இருக்க, ஏனையோர் அக்கதை எங்கே நடக்கிறது, எங்கே நொண்டுகிறது என்று பேசுகின்றனர். ஆசிரியர் நெறிப்படுத்துகிறார். எழுதியவர் வீடு சென்று திருத்துகிறார். நன்னூல் சொன்ன காற்பங்கும் காற்பங்கும் அரைப்பங்கும் அல்லவா இது! நம் பெட்டியில் இருந்த கணக்கை நாம் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினோம். அவர்கள் கணக்கை அறியாமலே வகுப்பறை கட்டினார்கள்.

ஆனால் அயல்நாட்டுப் பொருள் என்றவுடன் தலைமேல் வைத்துக் கூத்தாடவும் வேண்டா. ஒரே அறையில் ஒரே வகை ஆசிரியர் முன் ஒரே வகை மாணவர் அமர்ந்தால், எழுத்தும் ஒரே அச்சில் வார்க்கப்படும். கார்னெல் பல்கலைக் கழகத்தில் இப்பட்டம் பெற்றவர் டொமினிக்க நாட்டிற் பிறந்த எழுத்தாளர் யூனோ டியாஸ். தாம் கண்ட பயிலரங்கில் வெள்ளையர் பார்வையே இலக்கியப் பார்வையாக நின்றதை 2014-இல் அவர் வெளிப்படையாகச் சாடினார். நிறத்துக்கு மாறாகச் சாதி என்று வைத்துப் பாருங்கள். நமக்கு அந்த நோய் புதிதன்று. பாட்டியல் ஏட்டில் எழுதி வைத்ததை, நாளைய பயிலரங்கு ஏட்டில் எழுதாமலே செய்துவிடக் கூடும். ஒருவன் கேழ்வரகுக் களியைப் பற்றி எழுதினால் "வட்டாரத் தன்மை மிகுதி" என்றும், மற்றொருவன் வடிகட்டிய காப்பியைப் பற்றி எழுதினால் "உலகப் பொதுமை" என்றும் சொல்லும் நாவுக்கு அங்கே இடம் கொடுத்தல் ஆகாது.

இந்தியாவிலோ படைப்பெழுத்துப் படிப்பு ஆங்கிலத்தையே பெரிதும் சார்ந்து நிற்கிறது. அரியானாவின் சோனிபட்டில் உள்ள அசோகா பல்கலைக் கழகம் ஆங்கிலமும் படைப்பெழுத்தும் சேர்ந்த பட்டத்தை அளிக்கிறது. அது தனியார் நிறுவனம். பயிற்று மொழி ஆங்கிலம். தில்லி அம்பேத்கர் பல்கலைக் கழகத்திலும் இலக்கியக் கலை முதுகலைப் படிப்பு தோன்றிற்று. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் படைப்பெழுத்துப் பட்டயம் வகுத்தது. பென்னாகரத்து அரசுப் பள்ளியில் தமிழ்வழி பயின்ற பெண், கேழ்வரகு விற்ற பணத்தில், சோனிபட்டுக்குச் செல்வாளா? நன்னூலின் நான்காமவனைச் சந்திப்போம் என்றோமே, இதோ சந்தித்துவிட்டோம். பொருள் மிகக் கொடுப்பவனுக்கே நூல்! ஏழு நூற்றாண்டுக்குப் பின்னும் வரிசை மாறவில்லை.

நம் ஊர்க் கல்லூரிகளில் இளங்கலைத் தமிழ் இருக்கிறது. ஆங்காங்கே படைப்பிலக்கியம் என்று ஒரு தாளும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் தாள் ஒன்று, தேர்வு மூன்று மணி, வினா "சிறுகதையின் இலக்கணம் யாது?" என்றால், நீந்துவதன் இலக்கணத்தைக் கரையில் நின்று ஒப்பிப்பது போலத்தான் அது முடியும்.

பள்ளியிலே தொடங்கும் பழுது

பழி முழுதையும் பல்கலைக் கழகத்தின் மீது போட்டுவிட்டு ஆசிரியராகிய நாம் தப்பிக்கொள்ளுதல் நேர்மையன்று. தமிழ்த் தேர்விலே பாடலைக் கொடுத்து நயம் பாராட்டச் சொல்கிறார்கள். மாணவன் என்ன செய்கிறான்? திரண்ட கருத்து, மையக் கருத்து, மோனை நயம், எதுகை நயம் என்று தலைப்புகளை அடுக்குகிறான். காட்டுக்கு யானையையும் பாட்டுக்கு மோனையையும் முடிச்சுப் போடும் அந்த மனப்பாடத் தொடரை இறக்குகிறான். பாடலைப் படிக்கும் முன்பே பாராட்டு ஆயத்தம்! கட்டுரை எழுதச் சொன்னாலும் அவ்வாறே. மழைநீர்ச் சேமிப்பைப் பற்றி எழுதும் பிள்ளை, தன் ஊர் ஏரி வறண்டு கிடப்பதை எழுதுவதில்லை. குறிப்பேட்டில் உள்ள முன்னுரையை எழுதுகிறான். தன் கண்ணால் கண்டதை எழுதினால் மதிப்பெண் குறையுமோ என்று அஞ்சுகிறான். அவ்வச்சத்தை ஊட்டியது யார்? நம் வகுப்பறைதான்.

அண்மைக் காலத்தில் இதற்கு ஒரு துணையும் வந்திருக்கிறது. கேட்டதை எழுதிக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள்! திருவிளையாடற் கதையில் வரும் தருமியை நினைவிருக்கிறதா? பிறர் எழுதிய பாட்டைப் பொற்கிழிக்காகத் தூக்கிக்கொண்டு அவைக்கு ஓடினான். நக்கீரர் பொருட் குற்றம் கண்டு வினவியபோது விழித்துக்கொண்டு நின்றான். பாட்டைத் தந்தவர் கடவுளே ஆனாலும் விளக்கம் சொல்ல வேண்டியவன் தருமி அல்லவா? பொறி எழுதித் தந்ததைத் தன் எழுத்தென்று விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்பும் மாணவன் இக்காலத் தருமி. நேர்முகத்தில் ஒரு கேள்வி போதும், அவன் குட்டு வெளிப்பட. அந்தக் கதையில் நாம் கொள்ளத்தக்கவர் நக்கீரர் ஒருவரே. எதிரே நிற்பவர் யாராயினும் குற்றத்தைக் குற்றமென்று சொல்லும் திறனாய்வு நெஞ்சமே எழுத்துக் கல்வியின் முதுகெலும்பு.

ஆயத்தமாவது எவ்வாறு?

படைப்பெழுத்துப் படிப்புகள் விண்ணப்பிப்போரிடம் பெரும்பாலும் கேட்பவை மூன்று. சில ஆயிரம் சொற்களில் தம் எழுத்தின் மாதிரி, ஏன் எழுத விரும்புகிறோம் என்ற விளக்கம், பின்னர் நேர்முகம். இம்மூன்றையும் கடைசி வாரத்தில் ஆக்கிவிட முடியாது. பட்டம் கிட்டினாலும் கிட்டாவிட்டாலும் வீணாகாத ஆயத்தம் எதுவோ, அதுவே சரியான ஆயத்தம்.

முதலாவது, படித்தல். 1948-இல் சென்னை மாநிலம் பொது நூலகச் சட்டம் இயற்றிற்று. விடுதலை பெற்ற இந்தியாவில் அதுவே முதல் நூலகச் சட்டம். அந்த நூலகங்கள் நம் வரியில் வளர்ந்தவை. அவற்றில் நுழைய நமக்கு உரிமை உண்டு. கதைப் போக்கை அறிய ஒருமுறையும், அக்கதை எவ்வாறு கட்டப்பட்டது என்று அறிய மறுமுறையுமாகப் படித்தல் வேண்டும். தச்சன் நாற்காலியைப் பார்ப்பது அமர்வதற்காக மட்டுமா? கால் எங்கே பொருந்துகிறது என்று காண்பதற்காகவும் அல்லவா?

இரண்டாவது, பார்த்தல். எழுதுவதற்குப் பொருள் தேடிப் பாரிசு செல்ல வேண்டா. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவர் ஆற்றின் சுழியைக் கண்ணால் அளக்கும் விதம், பெங்களூருக் கட்டட வேலைக்குப் பெற்றோர் சென்றுவிடப் பாட்டியுடன் வளரும் பிள்ளையின் மாலைப்பொழுது, தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் பேரம் பேசும் ஓசை ஆகிய இவையெல்லாம் எவர் ஏட்டில் இருக்கின்றன? நாளுக்கு ஒரு பக்கம், கண்டதைக் கண்டவாறு எழுதிப் பழகுக.

கண்டதைக் குறைந்த சொல்லில் நிறுத்தும் கலையை நம் நிலத்துக் கற்களே கற்பிக்கின்றன. தருமபுரி அரசு அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. அடுத்துள்ள செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நடப்பட்ட கல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட ஒருவனுக்கு எடுத்தது. அவன் உடன் நின்ற நாய் இரு கள்வரைக் கடித்துக் காவல் நின்றதையும் கல் சொல்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்பதையும் சொல்கிறது. அரசன் பெயரைப் பொறிப்பது வழக்கம். நாயின் பெயரைப் பொறித்தவனே எழுத்தாளன்! அந்த ஒரு பெயரால் ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு அப்பாலிருந்து அந்த நாய் நம்மைப் பார்க்கிறது.

மூன்றாவது, உண்மையில் உறுதி. அரூர் வட்டம் வாச்சாத்தியில் 1992 சூன் 20 அன்று அதிகாரிகள் பழங்குடி மக்கள் மீது நடத்திய கொடுமையை நாடறியும். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று, அவருள் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகளெனத் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அப்பெண்கள் பட்டம் பெற்றவர் அல்லர். ஆயினும் 19 ஆண்டுகள் அதிகாரத்தின் முன் அசையாது நின்றது அவர்கள் சொன்ன உண்மை. அணியும் அலங்காரமும் அந்தச் சொல்லுக்குத் தேவைப்படவில்லை. இங்கே நம் இயக்கத்து இளைஞர்க்கும் ஒரு சொல் உண்டு. மேடையிலே அடுக்குமொழி ஆர்ப்பரிக்கலாம். கதையிலே துயருற்றவள் வாயில் நம் அடுக்குமொழியைத் திணித்தால், அவள் பேச்சை இரண்டாம் முறையும் பறித்தவர் ஆவோம்.

நான்காவது, கூடித் திருத்துதல். பயிலரங்குக்குப் பல்கலைக் கழகக் கட்டடம் வேண்டுமென்பதில்லை. முன்பு ஊர்தோறும் படிப்பகங்கள் இருந்தன. கையெழுத்து ஏடுகள் இருந்தன. கலைஞர் கருணாநிதி மாணவப் பருவத்திலேயே 'மாணவ நேசன்' என்னும் கையெழுத்து ஏடு நடத்தியவர். அண்மைச் சான்று வேண்டுமா? நாமக்கல்லிலே அரசுக் கல்லூரிப் பேராசிரியராயிருந்த பெருமாள்முருகன், 'கூடு' என்னும் வட்டத்தில் மாணவரையும் ஆய்வாளரையும் கூட்டிக் கட்டுரை வாசிக்கவும் விவாதிக்கவும் வைத்தார். 2013-இல் அவர் பதிப்பித்த 'சாதியும் நானும்' நூலில் 32 பேர் தத்தம் சாதி அனுபவத்தை எழுதினர். 2018-இல் அந்நூல் ஆங்கிலத்திலும் வந்தது. முதல் தலைமுறை மாணவர்க்கு எழுதக் கற்பிக்க முடியுமா என்று ஐயுறுவோர் அந்நூலைப் படிக்கட்டும். ஐந்து பேர் போதும். மாதம் இருமுறை கூடுங்கள். ஒருவர் எழுதியதை நால்வர் படித்து, முகத்துக்கு நேரே குறை சொல்லுங்கள். மறுமுறை திருத்திய படியைக் கேளுங்கள். அக்கூட்டத்தில் பெண்ணின் குரலும் சேரி இளைஞனின் குரலும் இல்லையென்றால், அது கூட்டமன்று, பாட்டியலின் கிளை.

ஐந்தாவது, துணிவு. 2010-இல் வெளிவந்த 'மாதொருபாகன்' புதினத்துக்கு எழுந்த எதிர்ப்பால், தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்தான் என்று அதே பெருமாள்முருகன் 2015 சனவரியில் அறிவிக்க நேர்ந்தது. 2016 சூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் மீண்டு வந்து எழுதட்டும் என்று தீர்ப்புரைத்தது. சாதியைத் தொட்டால் சுடும் என்பதை எந்தப் பாடத்திட்டமும் எழுதுவதில்லை. அதை அறிந்தே எழுத வருதல் வேண்டும்.

பட்டம் எதற்கு?

"இவ்வளவையும் தாமே செய்துகொள்ளலாமெனில் பட்டம் எதற்கு? செயகாந்தன் எந்தக் கல்லூரியில் படித்தார்?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. கல்லூரிப் படிப்பின்றியே 2002-ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசைப் பெற்றவர் அவர். ஆனால் ஒன்றை மறக்கிறோம். இளம் வயதிலேயே அவருக்குப் பொதுவுடைமைக் கட்சியின் அலுவலகமும் அச்சகமும் நூல்களும் விவாதமும் கிட்டின. அவருக்கும் ஒரு பல்கலைக் கழகம் இருந்தது. அதற்குப் பெயர்ப்பலகை இல்லை. அப்படியொரு வாய்ப்பு வாயாதவர் எத்தனை ஆயிரம்! தப்பித் தோன்றிய ஒருவரைக் காட்டி மற்றவர்க்குக் கதவடைப்பது வரக் கொள்கையின் மறுபிறப்பே.

பட்டம் யாரையும் எழுத்தாளராக்காது. பட்டம் தரக்கூடியது வேறு. இரண்டு மூன்று ஆண்டு நேரம், படிக்க நூல், திருத்த ஆசிரியர், குறை சொல்லத் தோழர், "என் மகள் எழுதிக்கொண்டிருக்கிறாள்" என்று பெற்றோர் ஊரார்க்குச் சொல்ல ஒரு பெயர். கடைசியிற் சொன்னதைச் சிறிதென எண்ணாதீர். வசதி படைத்த வீட்டுப் பெண் சும்மா அமர்ந்து எழுதலாம். நம் ஊரில் பதினெட்டு வயது நிறைந்தால் மாப்பிள்ளை தேடும் வீட்டில், கல்லூரிச் சேர்க்கைச் சீட்டு ஒன்றே அவள் எழுதுவதற்கான கேடயம். 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியிற் படித்து உயர்கல்வி செல்லும் பெண்ணுக்குத் திங்கள்தோறும் 1000 உரூபாய் என வகுத்தபோது, அது வெறும் பணமாக நில்லாது வீட்டார் முன் வைக்கும் வாதமாகவும் ஆயிற்று அல்லவா?

ஆகவே நாம் கேட்பது இது. படைப்பெழுத்துப் பட்டம் தமிழிலே வேண்டும். அரசுக் கல்லூரியிலே வேண்டும். 1965-இல் பிறந்த நம் தருமபுரி மாவட்டம் போன்ற பின்தங்கிய மாவட்டங்களிலே முதலில் வேண்டும். சேர்க்கைக்கு மதிப்பெண் மட்டும் அளவுகோல் ஆகாது. மாணவன் தானே எழுதிய பத்துப் பக்கமும், அதைப் பற்றி அவனோடு நிகழ்த்தும் உரையாடலும் அளவுகோலாகட்டும். தேர்வுத்தாளில் இலக்கண வினா குறைந்து, ஆண்டு முழுதும் எழுதித் திருத்திய படிகளுக்கு மதிப்பெண் கிட்டட்டும். நன்னூலின் ஆறாமவன் வரிசையின் முதலுக்கு வரட்டும். நான்காமவன் தன் முறை வரும்வரை காத்திருக்கட்டும்!

அந்நாள் வரும்வரை இளைஞர் கைகட்டி நிற்க வேண்டா. ஆசானின் காற்பங்கு காலந்தாழ்ந்து வரட்டும். தோழரின் காற்பங்கும் தன்முயற்சியின் அரைப்பங்கும் இன்றே நம் கையில் உள்ளன. நான்கில் மூன்று பங்கு நம்முடையது. வரம் தருவார் யாருமில்லை. அதனால் வரத்தை மறுக்கவும் யாருமில்லை. ஏட்டை எடுங்கள். கண்டதை எழுதுங்கள். எழுதியதைத் தோழர் முன் வையுங்கள். அவர் குறை சொன்னால் நன்றி சொல்லி, மீண்டும் எழுதுங்கள்.